வெளியூர் ஓட்டலில் ஒற்றை ஆள்

சனிக்கிழமை இரவு மன்னார்குடியில் மன்னை எக்ஸ்பிரசில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விடிந்தால் சென்னை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு போட்டித் தேர்வு. மாலையில் கடற்கரையைப் பார்த்துவிட்டு, இரவு வண்டியில் ஊர் திரும்ப வேண்டும். 2011-ஆம் ஆண்டு நீடாமங்கலம் - மன்னார்குடி ரயில் பாதை மீண்டும் திறக்கப்பட்ட பிறகு நம் பகுதி மாணவர்கள் பலருக்கு இது பழக்கமான பயணமாகிவிட்டது. இந்த ஒரு நாளில் நீங்கள் காலை டிபன், மதியச் சாப்பாடு, இரவு ரயிலுக்கு ஒரு பார்சல் என்று மூன்று வேளை வெளியில் சாப்பிட்டாக வேண்டும். அதுவும் தனியாக.

நம் ஊரில் எந்த ஓட்டலில் எந்த நேரத்துக்கு எது நன்றாக இருக்கும் என்பது நமக்கு மனப்பாடம். பெரிய ஊரில் அப்படி இல்லை. நாலு பேர் சேர்ந்து போனால் ஒருவருக்காவது இடம் தெரிந்திருக்கும். ஒருவருக்கு வயிற்றைப் பிரட்டினால் மற்றவர் மருந்து வாங்கி வருவார். தனியாள் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வு தவறினால் விளைவையும் தானே தாங்க வேண்டும். பல மாதம் படித்த படிப்பு ஒரு கரண்டிச் சட்னியால் வீணாகலாம். இது மிகையல்ல. கெட்ட உணவால் ஆண்டுதோறும் உலகில் சுமார் 60 கோடிப் பேர், அதாவது ஏறக்குறைய பத்தில் ஒருவர், நோய்வாய்ப்படுகிறார்கள் என்றும், 4,20,000 பேர் இறக்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் மதிப்பிட்டது.

அப்படியானால் பட்டினி கிடப்பதா? பிஸ்கட்டோடு நாளை ஓட்டுவதா? வேண்டியதில்லை. பெரும்பாலோர் ஓட்டலுக்குள் நுழைந்ததும் மேசை பளபளக்கிறதா, விளக்கு எரிகிறதா, விலை எவ்வளவு என்று பார்க்கிறார்கள். சுத்தம் தேவைதான். ஆனால் அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘இந்த உணவு அடுப்பை விட்டு இறங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று?’ இதற்கு விடை காணக் கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் கணக்கும் போதும்.

வெதுவெதுப்பு என்னும் அபாயம்

உணவை நஞ்சாக்கும் பாக்டீரியாக்களில் பலவற்றுக்கு மிகவும் பிடித்தமானது, நம் உடம்பின் வெப்பநிலையை ஒட்டிய சூடு. அதாவது 37 டிகிரி செல்சியஸ் அளவு. ஈரமும் சத்தும் உள்ள உணவில், இந்தச் சூட்டில், சில வகை பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரிகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்று, ஒரு மணி நேரத்தில் 8 ஆகும். இரண்டு மணியில் 64. நான்கு மணியில் 4,096. ஆறு மணி நேரத்தில் 2,62,144! அரை மணி நேரத் தாமதத்துக்கும் ஆறு மணி நேரத் தாமதத்துக்கும் உள்ள வேறுபாடு பன்னிரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய லட்சம் மடங்கு என்பதைக் கவனியுங்கள்.

வெப்பநிலை 60 டிகிரிக்கு மேல் இருந்தால் இந்தப் பெருக்கம் நின்றுவிடுகிறது. 5 டிகிரிக்குக் கீழே இருந்தால் மிகவும் மந்தமாகிறது. ஆகவே 5-க்கும் 60-க்கும் இடைப்பட்டதை அபாய எல்லை என்கிறார்கள். சமைத்த உணவை இந்த எல்லைக்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்றாக இடம்பெற்றது.

தெர்மாமீட்டர் இல்லாமல் 60 டிகிரியை எப்படி அறிவது? நம் தோலே ஓரளவு சொல்லிவிடும். சுமார் 45 டிகிரியை நெருங்கும்போது தோலில் வலி தோன்றத் தொடங்குகிறது. 60 டிகிரி சூட்டில் உள்ள சாம்பார்க் கிண்ணத்தை வெறுங்கையால் சில விநாடிக்கு மேல் பிடித்திருக்க முடியாது. சாம்பாரை ஊதிக் குடிக்க வேண்டியிருந்தால் நல்லது. ஊதாமலே இதமாக இறங்குகிறது என்றால், அந்த இதம் உங்களுக்கு மட்டுமல்ல, கிருமிகளுக்கும்தான். மூக்கை மட்டும் நம்பியும் பயனில்லை. ஊசிப்போன வாடையை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வேறு, நோய் உண்டாக்குபவை பெரும்பாலும் வேறு. வாடையே இல்லாத உணவும் நோய் தரலாம்.

இட்லிக்கு ஏன் நல்ல பெயர்?

வெளியூரில் இட்லி சாப்பிடு என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு கிராம் நீராவி நீராகக் குளிரும்போது சுமார் 540 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. இதை உள்ளுறை வெப்பம் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். இட்லிப் பானையில் நீராவி மாவின் மேல் படிந்து நீராகும்போது இந்த வெப்பம் முழுவதும் இட்லிக்குள் இறங்குகிறது. இட்லி சிறியது, ஆகவே நடுப்பகுதி வரை நன்றாக வெந்துவிடுகிறது. மாவும் புளித்த மாவு. அந்தப் புளிப்பே ஒரு காவல்.

தோசைக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அது உங்கள் கண் முன்னால், நீங்கள் கேட்ட பிறகு வார்க்கப்படுகிறது. தோசை மாஸ்டர் கல்லில் தண்ணீர் தெளிப்பதைப் பாருங்கள். துளிகள் சொய்யென்று உடனே மறைந்தால், கல் நூறு டிகிரியைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது. துளிகள் முத்துகளாக உருண்டு ஓடினால், கல் சுமார் 200 டிகிரி அல்லது அதற்கும் மேல். துளிக்கும் கல்லுக்கும் இடையே உண்டாகும் மெல்லிய நீராவிப் படலம் துளியைத் தாங்குகிறது. ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃபிராஸ்ட் 1756-இல் இதை விவரித்து எழுதினார். அந்தக் கல்லிலிருந்து நேராக உங்கள் தட்டுக்கு வரும் தோசைக்கு வயது ஒரு நிமிடம்தான்.

இட்லி, தோசையில் குறையில்லை என்றால், பக்கத்தில் வரும் தேங்காய்ச் சட்னி? அதுதான் கவனிக்க வேண்டிய ஆள். பச்சைத் தேங்காய், பச்சைத் தண்ணீர், கொதிக்க வைக்காத பண்டம், புளிப்பும் குறைவு. காலை ஏழு மணிச் சட்னி வேறு. அதே வாளியில் பதினொரு மணிக்கு வரும் சட்னி வேறு. நேரமாகிவிட்டால் சூடான சாம்பாரோ மிளகாய்ப்பொடியோ கேட்டுக்கொள்ளுங்கள்.

டம்ளரும் அண்டாவும்

சூடான பொருள் ஆறும் வேகம், அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்று நியூட்டன் 1701-இல் எழுதினார். ஆனால் ஒரே சூட்டில் உள்ள ஒரு டம்ளர் சாம்பாரும் ஓர் அண்டாச் சாம்பாரும் ஒரே நேரத்தில் ஆறுவதில்லை. ஏன்?

டம்ளரைப் போல நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் பத்து மடங்குள்ள ஓர் அண்டாவை எண்ணிப் பாருங்கள். அதன் கன அளவு 1,000 மடங்கு. மேற்பரப்போ 100 மடங்குதான். வெப்பம் இருப்பது கன அளவில். வெளியேறும் வழியோ மேற்பரப்பு. ஆயிரம் மடங்கு வெப்பம் நூறு மடங்கு வாசலின் வழியே வெளியேற வேண்டும். ஆகவே அண்டா ஆற ஏறக்குறைய பத்து மடங்கு நேரம் ஆகும். டம்ளர் அரை மணியில் ஆறினால், அண்டாவுக்கு ஐந்து மணி நேரம்! மார்கழி விடியலில் வாளித் தண்ணீர் சில்லிட்டிருக்க, நம் ஹரித்ராநதித் தெப்பக்குளத்து நீர் அவ்வளவு குளிராமல் இருப்பதற்கும் அதன் பேரளவு ஒரு முக்கியக் காரணம்.

இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. பகல் பன்னிரண்டு மணிக்கு இறக்கிய அண்டாச் சாம்பார், சாப்பாட்டு நேரத்தில் நெடுநேரம் 60 டிகிரிக்கு மேலேயே நிற்கும். அது நன்மை. ஆனால் அடுப்பும் இல்லாமல் விற்பனையும் இல்லாமல் அதை அப்படியே விட்டுவிட்டால், அபாய எல்லைக்குள் இறங்கிய பிறகும் அது வேகமாகக் குளிர்ந்துவிடாது. கிருமிகளுக்குப் பிடித்த சூட்டிலேயே பல மணி நேரம் தவழும். அது தீமை. நாலரை மணிக்குப் போய் ‘சாப்பாடு இருக்கிறதா?’ என்று கேட்பவருக்குக் கிடைப்பது இந்த இரண்டாவது சாம்பார்.

இங்கே தனியாளுக்கு ஒரு வசதி உண்டு. நாலு பேரை ஒன்றுசேர்த்துப் புறப்பட வேண்டியதில்லை. பன்னிரண்டரை மணிக்கே போய், இரண்டு பேர் அமர்ந்திருக்கும் மேசையில் காலியாக உள்ள ஓர் இருக்கையில் உட்கார்ந்துகொள்ளலாம். நம் ஓட்டல்களில் அறியாதவரோடு மேசையைப் பகிர்ந்துகொள்வது வழக்கம்தான், கூச்சப்பட ஒன்றுமில்லை. முழுச்சாப்பாடு மிஞ்சும் என்று தோன்றினால் அளவுச்சாப்பாடு கேட்கலாம்.

கூட்டம் என்னும் கடிகாரம்

கூட்டம் உள்ள ஓட்டலில் சாப்பிடு என்பது பழைய அறிவுரை. அதன் உள்ளே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஓர் ஓட்டலில் எப்போதும் 120 வடை கையிருப்பில் இருக்கிறது. மணிக்கு 240 வடை விற்கிறது. அப்படியானால் ஒரு வடை சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கும்? 120-ஐ 240-ஆல் வகுத்தால் அரை மணி. அதே 120 வடை, மணிக்கு 20 மட்டும் விற்கும் ஓட்டலில் ஆறு மணி நேரம் காத்திருக்கும். கையிருப்பை விற்பனை வேகத்தால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் வரும். அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில் 1961-இல் இந்த விதியை முறைப்படி நிறுவினார். தொழிற்சாலை, மருத்துவமனை, வங்கி வரிசை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வடைத் தட்டுக்கும் பொருந்தும்.

இந்த விதியை நன்றாகப் புரிந்துகொண்டால் ஒரு நுட்பம் தெரியவரும். கணக்கை ஓட்டல் முழுவதற்குமாகப் போடக் கூடாது. ஒவ்வொரு பண்டத்துக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். நூறு பேர் நெய்த்தோசை சாப்பிடும் ஓட்டலில் நீங்கள் ஒருவர் மட்டும் காளான் குருமா கேட்டால், அந்தக் குருமாவின் விற்பனை வேகம் ஏறக்குறைய சுழியம். கூட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். கூட்டம் எதைச் சாப்பிடுகிறது என்று பாருங்கள். பத்துப் பண்டம் எழுதிய கரும்பலகை, இருநூறு பண்டம் அச்சிட்ட அட்டையைவிடப் பல வேளைகளில் நம்பகமானது. விலை இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதையும் கவனியுங்கள். குளிர்சாதன அறையில், வெதுவெதுப்பாக மூன்று மணி நேரம் நிற்கும் விலை உயர்ந்த பஃபே உணவைவிட, கையேந்தி பவனில் கல்லிலிருந்து வரும் தோசை மேலானதாக இருக்கலாம்.

இதையெல்லாம் கணக்கிடக் கூச்சமாக இருந்தால் சப்ளையரிடம், ‘அண்ணே, இப்ப சூடா என்ன இருக்கு?’ என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பாதிக் கணக்கை முடித்துவிடும்.

மறுபடி சூடு பண்ணினால் சரியாகிவிடுமா?

‘எதுவானாலும் நன்றாகச் சூடு பண்ணிவிட்டால் தீர்ந்தது’ என்று பலர் நம்புகிறார்கள். நெல் விளையும் நாட்டில் பிறந்த நாம் இதில் உண்மை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இங்கே குற்றவாளி சோற்றிலேயே இருக்கிறது.

பாசில்லஸ் சீரியஸ் என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. அரிசியிலும் இதன் வித்துகள் இருக்கும். கடினமான உறை கொண்ட இந்த வித்துகள் சோறு கொதிக்கும்போது சாவதில்லை. வடித்த சோற்றைக் குவியலாக வெளியில் விட்டுவைத்தால், சூடு தணிந்ததும் அவை முளைத்துப் பெருகுகின்றன. பெருகும்போது சில வகைகள் செரூலைடு என்ற நச்சுப்பொருளை உண்டாக்குகின்றன. இந்த நச்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழிவதில்லை! மாலையில் பெருந்தீயில் வாணலியைக் குலுக்கிப் புரட்டும்போது கிருமிகள் சாகின்றன. அவை விட்டுச் சென்ற நஞ்சு அப்படியே இருக்கிறது. சாப்பிட்ட அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஃபிரைடு ரைஸ் சாப்பிட்டவர்களிடையே பரவிய வாந்தி நோயை ஆராய்ந்தபோதுதான் இது தெளிவாயிற்று. எனவே தேர்வுக்கு முதல் நாள் இரவு, காலையில் வடித்த சோற்றைப் புரட்டித் தரும் கடையைத் தவிர்ப்பது நலம்.

‘அப்படியானால் நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் பழைய சோறு சாப்பிடுகிறோமே?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பழைய சோறு தண்ணீரில் ஊறுகிறது. அதில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பை ஏற்றுகின்றன. புளிப்பு ஏற ஏற மற்றக் கிருமிகளின் வளர்ச்சி தடைப்படுகிறது. தண்ணீர் ஊற்றாமல் வெறுமனே குவித்து வைத்த சோற்றுக்கு இந்தக் காவல் கிடையாது.

ரயிலுக்கு என்ன பார்சல்?

இதே அறிவைப் பயணப் பார்சலுக்கும் பயன்படுத்தலாம். எட்டு மணிக்கு வாங்கி இரவு வண்டியில் சாப்பிடும் உணவு ஆறித்தான் இருக்கும். சூடு இல்லாத இடத்தில் வேறு காவல் வேண்டும். காவல்கள் இரண்டு: புளிப்பு, ஈரக் குறைவு. நம் பாட்டிமார்கள் கட்டுச்சோற்றுக்குப் புளியோதரையைத் தேர்ந்தெடுத்தது ருசிக்காக மட்டுமல்ல. புளியின் அமிலமும், காய்ச்சிய எண்ணெயும், சுண்டக் காய்ச்சிய கரைசலும் சேர்ந்து சோற்றைக் காக்கின்றன. இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவுவதும் இதே தத்துவம்தான்; சட்னியின் ஈரம் அங்கே இல்லை. தயிர்சாதம் புளிப்பால் ஓரளவு தாங்கும். பால் மிகுதியாக ஊற்றியதானால் தாங்காது. குருமா, தேங்காய்ச் சட்னி, முட்டைப் பண்டங்கள் ஆகியவற்றைப் பார்சலாக வாங்கினால் உடனே சாப்பிட்டுவிடுங்கள்.

தண்ணீர், காப்பி, கை

வெந்நீர் என்று கேட்டால் பல ஓட்டல்களில் தருவார்கள். ஆனால் கொதித்த நீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து வெதுவெதுப்பாகத் தந்தால் பயனில்லை. ஆவி பறக்கத் தரச்சொல்லி, நீங்களே ஆற்றிக் குடியுங்கள். இல்லாவிட்டால் முத்திரை உடையாத பாட்டில் நல்லது. ஐஸ் கட்டியும் தண்ணீர்தான் என்பதை மறக்காதீர்கள்; உறைவதால் எல்லாக் கிருமிகளும் இறப்பதில்லை.

காப்பிக்கு மட்டும் ஒரு மேல் எல்லையும் உண்டு. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கப் பானங்களைக் குடிக்கும் பழக்கம் உணவுக்குழாயில் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016-இல் அறிவித்தது. நம் டவரா-டம்ளர் இதற்கு அருமையான கருவி. உயரத்திலிருந்து ஆற்றும்போது காப்பி மெல்லிய தாரையாகிப் பரப்பு பெருகுகிறது; ஆவியாதல் கூடுகிறது; அகன்ற டவரா மேலும் சூட்டை இழுத்துக்கொள்கிறது. இரண்டு ஆற்றில் குடிக்கும் பதம் வந்துவிடும்.

நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். பேருந்துக் கம்பியையும் ரூபாய் நோட்டையும் தொட்ட கையைத் தண்ணீரில் நனைத்தால் மட்டும் போதாது. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்க்க வேண்டும். ஓட்டலில் சோப்பு இல்லாமல் போகலாம். பையில் ஒரு சிறு துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மீறி உடம்புக்கு வந்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில வேளை வயிற்றுப்போக்கு வரலாம். தனியாளுக்கு முதல் எதிரி கிருமியைவிட நீரிழப்புதான். 1971-இல் வங்காளதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்து ஏராளமான உயிர்களைக் காத்தார். சர்க்கரை, உப்பைத் தன்னோடு குடல் சுவர் வழியே உடலுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. பின்னாலேயே நீரும் போகிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டை எப்போதும் பையில் வைத்திருங்கள். பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடியுங்கள்.

மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், எதைக் குடித்தாலும் வாந்தி, சிறுநீர் மிகவும் குறைதல், தலைசுற்றல் இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதிக்க வேண்டாம். விடுதிக்காரரிடமோ பக்கத்தில் இருப்பவரிடமோ சொல்லுங்கள், மருத்துவமனைக்குச் செல்லுங்கள், தேவையானால் 108-ஐ அழையுங்கள். வீட்டுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

செய்து பாருங்கள்

பள்ளி அல்லது கல்லூரி ஆய்வகத்தில் 110 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டர் இருக்கும். ஆசிரியர் மேற்பார்வையில் ஒரு டம்ளரிலும், அதே வடிவமுள்ள ஒரு பெரிய பாத்திரத்திலும் 80 டிகிரி வெந்நீரை நிரப்புங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டின் வெப்பநிலையையும் குறித்து வரைபடம் வரையுங்கள். 60 டிகிரியில் ஒரு கோடு கிழியுங்கள். டம்ளர் அந்தக் கோட்டை எப்போது தாண்டியது? பெரிய பாத்திரம் எப்போது தாண்டியது? தாண்டிய பிறகு 40 டிகிரிக்கு வர ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் எடுத்தது? பாத்திரத்தை மூடி வைத்தும், மூடாமலும் செய்து ஒப்பிடுங்கள். அந்த வரைபடத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், அடுத்த முறை எந்த ஊர் ஓட்டலில் சாம்பார் வாளியைப் பார்த்தாலும் அதன் வயதை உங்களால் ஓரளவு ஊகிக்க முடியும்.